கூம்பு மரங்களும் பெயர்க்கப்பட்ட ஊரும்

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் படங்களைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது பூக்கள் இல்லை, கூம்புகள். அணிவகுப்பில் நிற்கிற மாதிரி, பாதையோரங்களில் கூம்பாக வெட்டிய யூ மரங்கள். வடிவுதான். ஆனால் ஒரு மரத்தை ஏன் இப்படிக் கூம்பாக்கோணும்?

பாதிக் காரணம் தோட்டக்காரருடையது. யூ ஒரு ஊசியிலை மரம். மெதுவாக, அடர்த்தியாக வளரும். முற்றிய கிளையை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும். மேற்பக்கம் அகன்று வளரவிட்டால் கீழ்க்கிளைகளுக்கு வெளிச்சம் போகாது, அடி மொட்டையாகிவிடும். அடி அகன்று நுனி ஒடுங்கின கூம்பில் கீழ் இலைக்கும் வெயில் படும்.

மற்றப் பாதி அரசருடையது. 1660களில் பதினான்காம் லூயிக்காக ஆந்த்ரே லெ நோத்ர் அமைக்கத் தொடங்கிய தோட்டம் அது. மரம்கூட மன்னர் கீறின கோட்டில்தான் நிற்கும் எண்டு வருகிறவர்களுக்குக் காட்டுகிற இடம்.

இங்கிலாந்துப் பிரபுக்களும் மரங்களை இப்படி வெட்டினார்கள். அதற்கு எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. 1712இல் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில், மரத்தைக் கூம்பாகவும் உருண்டையாகவும் கத்தரிப்பதைக் குறைகூறி எழுதினார். அடுத்த வருடம் கவிஞர் அலெக்சாண்டர் போப், யூ மரத்தில் வெட்டிய ஆதாம் ஏவாள் விற்பனைக்கு உண்டு எண்டு ஒரு கற்பனைப் பட்டியலே போட்டு நக்கலடித்தார்.

பிறகு காலம் மாறியது. ‘கேப்பபிலிட்டி’ பிரவுண் எண்டு பெயரெடுத்த லான்சலட் பிரவுண் வந்தார். கூம்புமில்லை, நேர்கோடுமில்லை. புல்வெளி, வளைந்த ஏரி, அங்கங்கே மரக்கூட்டம். பார்த்தால் மனிதக் கை படாத இயற்கை போலவே இருக்கும். கத்தரிக்கோலிலிருந்து மரத்துக்கு விடுதலை கிடைத்த கதையாகத்தான் இதைக் கனபேர் சொல்லுவார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம், மில்டன் அபாஸ் கதையை வாசிக்கும் வரைக்கும்.

டோர்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்தில் மிடில்டன் எண்டு ஒரு பழைய ஊர் இருந்தது. சந்தை, பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் உள்ள ஊர். பிரபு பிரவுணைக் கூப்பிட்டு நிலத்தை ‘இயற்கையாக்க’ச் சொன்னார். அவர் பார்க்க விரும்பின காட்சிக்கு ஊர் இடைஞ்சல். குத்தகைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, வீடுகளை இடித்து, ஊரையே அப்புறப்படுத்தினார். ஒரு சட்டத்தரணி மட்டும் போகமாட்டேன் எண்டு நின்று பார்த்தார். ஊர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது பச்சைப் புல்வெளி.

வெர்சாயின் கூம்பை ஒருவரும் இயற்கை எண்டு நினைக்கமாட்டார்கள். அதிகாரத்தின் வெட்டு அதில் வெளிப்படையாகவே தெரியும். மில்டனின் புல்வெளியில் வெட்டு எங்கே விழுந்தது எண்டு கண்டுபிடிக்கேலாது. வடிவான வெறும் நிலத்தைக் கண்டால், ‘இங்கே முதலில் ஆர் இருந்தவை?’ எண்டு கேட்க நாங்கள் இந்தக் கதையிலிருந்துதான் பழகினோம்.

வெளியேறினவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரபு, மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில், 1780 அளவில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார். அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை. எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே அச்சு. தெருவின் இரு பக்கமும், ஒரே இடைவெளியில், வரிசையாக நிற்கின்றன.