துண்டும் ரிலீஸும்: விலகிப் போகும் உரிமையின் வரலாறு



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம் பிள்ளைகளின் பேச்சில் 'ரிலீஸ்' என்றொரு சொல் அடிக்கடி வரும். "கம்பெனி ரிலீஸ் தரமாட்டேங்குது." "ரிலீஸ் மட்டும் கெடச்சா வேற எடத்துல கூடுதலா சம்பளம் இருக்கு." முதலில் கேட்டபோது இது ஏதோ அலுவலகச் சடங்கு என்றுதான் நமக்குப் பட்டது. சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு உரிய சொல், சம்பளத்துக்கு வேலை செய்பவர் வாயில் ஏன் வருகிறது என்று யோசித்த பிறகுதான், நம் பாட்டன்மாரிடமும் இதற்கு ஒரு சொல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சொல் 'துண்டு'. இந்த நினைவுச் சொற்பொழிவில் இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச விரும்புகிறோம்.

துண்டுக்கு முன்னால் பண்ணை இருந்தது. அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் இனி ஏற்கக்கூடாது என்று 1843இல் ஆங்கிலேயர் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் தஞ்சாவூர் மிராசுதார்களின் களத்துமேட்டுக்கு வந்து சேரவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய நெல், சாவுக்கு வாங்கிய பணம் என்று கடன் இருந்தது. அந்தக் கடன் இருக்கும்வரை பண்ணையாள் வேறு பண்ணைக்குப் போக முடியாது. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. ஆகவே நம் மக்கள் கப்பலேறியதைப் பஞ்சம் பிழைக்கப் போன கதையாக மட்டும் சொல்வதை நாம் ஏற்பதில்லை. பஞ்சம் உண்மை. ஆனால் ஊரில் இல்லாத ஒரு வழி கடலுக்கு அப்பால் இருந்தது, அது ஆண்டையை விட்டு விலகும் வழி. ஆட்கள் கடல் கடந்து போவதை மிராசுதார்கள் ஏன் வெறுத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளரும் பறையரும் சக்கிலியரும். தோட்டத் துரைமார் ஒரு பெருமை பேசுவார்கள்: மொரீசியசிலும் நேட்டாலிலும் பீஜியிலும் இருப்பதுபோல இங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது, எங்கள் தொழிலாளி சுதந்திரமானவன், மாத ஒப்பந்தத்தில் இருப்பவன், முன்கூட்டியே அறிவித்துவிட்டு விலகலாம். ஏட்டைப் புரட்டினால் அது பொய்யில்லை. தோட்டத்து வேலை சட்டத்தின் கண்ணில் மாத வேலைதான். அறிவிக்காமல் போனால் மட்டும் அது குற்றம். 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கூலியும் போகும், சிறையும் உண்டு. 

ஆனால் ஒழுங்காக அறிவித்துவிட்டும் ஒருவர் போக முடியவில்லை. அங்கேதான் துண்டு வருகிறது.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பெரிய கங்காணி தோட்டத்திடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறார். ஊரில் ஆளின் பழைய கடனை அடைக்கிறார், வழிச்செலவு செய்கிறார், துணிமணி வாங்கித் தருகிறார். அத்தனையும் ஆளின் பேரில் பற்று எழுதப்படுகிறது. எழுதுபவரும் அவரே, கூட்டிப் பார்ப்பவரும் அவரே. தோட்டத்துக் கணக்கில் அது கங்காணியின் கடன், கங்காணியின் கணக்கில் அது கூலியாளின் கடன். இப்போது அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதித் தருவார்: இத்தனை ரூபாய் செலுத்தினால் இன்ன கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும் விடுவிக்கிறேன். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டிய தொகை அழிந்துவிடாது. ஆட்களின் கடனாகவே புதிய ஏட்டில் ஏறும். ஆள் தட்டுப்பாடு வந்தபோது கங்காணிமார் கூடுதல் முன்பணம் கேட்டார்கள், துரைமார் போட்டி போட்டுக் கொடுத்தார்கள். அதாவது நம் மக்களின் உழைப்புக்குக் கிராக்கி ஏறியபோது ஏறியது அவர்கள் கூலி அல்ல, அவர்கள் கடன். சந்தையில் தேவை கூடினால் விலை கூடும் என்று வகுப்பறையில் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விலை கூடியது உண்மைதான். அந்த விலையை வாங்கியவர் வேறு.

கங்காணிமாரில் பலர் சாதியில் மேலே இருந்தவர்கள். தம் கூட்டத்திலிருந்து நாள்தோறும் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை பேருக்கும் தோட்டம் அவர்களுக்குத் தலைக்காசு தந்தது. ஊரின் அதிகாரம் மலையிலும் தொடர்ந்தது. கையில் கணக்குப் புத்தகம் மட்டும் புதிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆட்கள் பயணம் செய்தார்கள். அடையாள அட்டை என்று இன்று அதை மென்மையாக எழுதுகிற ஆய்வாளர்கள் உண்டு. பெட்டிமேல் ஒட்டும் விலாசம் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போவதற்கான சிறைத் தண்டனையும் எடுக்கப்பட்டது. இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கிய பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். இந்திய அரசின் அழுத்தமும் இருந்தது. ஏறிக்கொண்டே போன முன்பணத்தைத் தாங்க முடியாமல் தோட்ட முதலாளிகளே சலித்துப் போயிருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒழிப்பில் அவர்களுக்கும் லாபம் இருந்தது. லயம் மட்டும் தோட்டத்துச் சொத்தாகவே நின்றது. வேலையை விட்டால் கூரையையும் விட வேண்டும் என்ற தஞ்சாவூர்க் கணக்கு அங்கே அப்படியே இருந்தது.

இனி வளைகுடாவுக்கு வருவோம். கஃபாலா முறையில் ஒருவர் அந்த நாட்டில் தங்கும் அனுமதியே அவருடைய கபீலின், அதாவது பொறுப்பேற்ற முதலாளியின், பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த ஒரு முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரில் வேலையை விட்டால் வேலை மட்டும் போகும். அங்கே முதலாளியின் சம்மதமின்றி விட்டால் இக்காமாவும் போகும். நேற்றுவரை தொழிலாளி, இன்று சட்டவிரோதி. சவூதியில் முதலாளி ஓர் இணையப் பக்கத்தில் 'ஹுரூப்', ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டாலே போதும் என்ற நிலை இருந்தது. அடி தாங்காமல் ஓடினாரா, ஆறு மாதச் சம்பளம் வராமல் ஓடினாரா என்று அந்தப் பக்கம் கேட்டதில்லை. 1865ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

சீர்திருத்தங்கள் வரவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கத்தார்மீது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் 2014இல் புகார் போனது. உலகக் கோப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. 2020இல் முதலாளியின் என்.ஓ.சி. தேவையில்லை என்று அங்கே சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேல் செய்தவர் இரண்டு மாதமும் முன்னறிவிப்புக் கொடுத்து மாறலாம். நல்ல சட்டம். ஆனால் மாறப் போனவர்களில் பலரிடம், பழைய முதலாளி கையெழுத்திட்டு முத்திரை வைத்த ராஜினாமாக் கடிதம் கேட்கப்பட்டது. சட்டம் கேட்காத காகிதத்தை நடைமுறை கேட்டது. சட்டத்தில் இல்லாத துண்டைத் தோட்டம் கேட்டதும் இப்படித்தான். சவூதியில் 2021 மார்ச்சில் வந்த மாற்றம் ஓராண்டு முடித்தவர் சம்மதமின்றி மாறலாம் என்றது. வீட்டு வேலை செய்வோர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், பண்ணைத் தொழிலாளர், ஆடு மேய்ப்போர் ஆகியோரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நிலமும் பட்டமும் இல்லாமல் விமானம் ஏறுகிறவருக்கு எந்த வேலை கிடைக்கும் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடனும் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பதிவுபெற்ற முகவர் வாங்கலாம் என்று நம் அரசு வைத்திருக்கும் வரம்பு 30,000 ரூபாயும் வரியும். கிராமத்தில் இடைத்தரகர் கையில் போகும் தொகையோ இந்த வரம்பைப் பலமடங்கு தாண்டுகிறது என்பதைத் திரும்பி வந்தவர்களிடம் பேசியபோதெல்லாம் கேட்டிருக்கிறோம். தாயின் தோடும் கந்துவட்டியும் சேர்ந்த அந்தத் தொகையை அடைக்காமல் ஊர் திரும்பவும் முடியாது. அங்கே கபீல், இங்கே வட்டிக்காரர். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கங்காணி ஒருவரே செய்த வேலையை இன்று இருவர் பிரித்துச் செய்கிறார்கள்.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: ஆனாலும் போகிறார்களே, தாமாகத்தானே போகிறார்கள்? ஆம், தாமாகத்தான் போகிறார்கள். சேரியில் மாடி வீடு எழுந்தது அந்தப் பணத்தில்தான், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொத்தடிமை என்றால் என்ன என்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் விளக்கும்போது, வேலைக்கு எப்படி வந்தார் என்பதோடு அது நிற்கவில்லை. வாங்கிய கடனுக்காக ஒருவர் வேறு வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தாரா, நடமாடும் உரிமையை இழந்தாரா என்று கேட்கிறது. வந்த வழியைவிட வெளியேறும் வழியைப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சட்டம். நடமாடும் உரிமையைச் சொல்லும் இடத்தில் 'இந்திய எல்லைக்குள்' என்றும் எழுதியிருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க விரும்புகிறோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. அவர்களுடைய பழைய டிரங்குப் பெட்டிகளில் தோட்டத்துக் காகிதங்கள் இருக்கலாம், ஒருவேளை ஒரு தகரவில்லைகூட இருக்கலாம். அவற்றைப் படமெடுத்து வாருங்கள். உங்கள் தெருவில் வளைகுடா போய் வந்தவர் இருந்தால் அவருடைய ஒப்பந்தம், இக்காமா, கிடைக்காமல் போன ரிலீசுக்காக அவர் எழுதிய விண்ணப்பம் ஆகியவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டால் போதும். அடுத்த ஆண்டு இதே அரங்கின் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவோம்.