கார்ட்டிசோன் கொடுத்ததும் எடுத்ததும்

பாலிமயோசைடிஸ் என்னும் தசை அழற்சி நோய் முதலில் பிடிப்பது பெரும்பாலும் இடுப்பையும் தொடையையும் தோளையும்தான். விரல்களில் பலம் அவ்வளவாகக் குறைவதில்லை. பேனா பிடிக்கலாம், சட்டைப் பித்தானைப் போடலாம். ஆனால் தாழ்வான நாற்காலியிலிருந்து எழ முடியாது, பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாது. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் இது சீக்கிரமே கண்ணில் படும். எழுந்திருக்கும்போது கை முதலில் தரையை ஊன்றும், பிறகு முழங்காலை, பிறகு தொடையை. தன் உடம்பையே ஏணியாக்கி ஏறுவதுபோல் எழும் இந்த விதத்தை 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விரிவாக எழுதினார். அவர் கண்டது சிறுவர்களுக்கு வரும் பரம்பரைத் தசைச் சிதைவில். ஆனாலும் இடுப்பும் தொடையும் தளர்ந்த யாரும் அப்படித்தான் எழுகிறார்கள். இன்றும் அந்த அடையாளம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அழற்சியால் வரும் தளர்ச்சியைத் தனி நோயாகப் பிரித்தறிந்தவர்கள் ஜெர்மானிய மருத்துவர்கள். லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் வாக்னர் 1863-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1887-ல் வாக்னர், ஹெப், உன்வெரிக்ட் ஆகிய மூவரும் தனித்தனியே இதே நோயை விவரித்தார்கள். பன்றி இறைச்சி வழியாக உடம்பில் புகும் புழுவும் தசையை வீங்கச் செய்யும் என்பதால், ஹெப் இதைப் போலிப் புழுநோய் என்றே அழைத்தார். தோலில் தடிப்பும் சேர்ந்து வரும் வகைக்கு 1891-ல் டெர்மடோமயோசைடிஸ் என்று பெயரிட்டவர் உன்வெரிக்ட். பெயர் கிடைத்ததே தவிர, மருந்து கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மருந்து வந்தது வேறொரு நோயின் வழியாக. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரிலுள்ள மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1929-ல் ஒரு நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி அடங்கியதை அவர் கவனித்தார். கர்ப்ப காலத்திலும் அதே போல் வலி தணிவதைப் பிறகு கண்டு, உடம்பிலேயே உள்ள ஏதோ ஒரு பொருள்தான் வலியை அடக்குகிறது என்று ஊகித்தார். அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டல், கசாப்புக் கூடங்களிலிருந்து வந்த மாட்டுச் சிறுநீரக மேற்சுரப்பிகளிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஈ’ சேர்மம். மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து அதைச் செயற்கையாக உருவாக்கினார்.

1948 செப்டம்பர் 21 அன்று, ஹென்ச்சின் முடக்குவாத நோயாளியான 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதன் முதல் ஊசி போடப்பட்டது. படுக்கையில் புரளவே சிரமப்பட்டவர் அவர். சில நாள்களில் எளிதாகப் புரண்டார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சேர்மத்துக்குக் கார்ட்டிசோன் என்று பெயர் நிலைத்தது.

தசை அழற்சி நோயாளிகளுக்கும் 1950-களில் அது எட்டியது. 1955-ல் கார்ட்டிசோனைப் போலவே ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் விற்பனைக்கு வந்தன. 25 மில்லிகிராம் கார்ட்டிசோன் செய்ததை 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்தது. உப்பும் நீரும் உடம்பில் தேங்குவதும் குறைந்தது. மருந்து வேலை செய்வது கண்ணுக்கு நேராகத் தெரிந்ததால், ஒப்பீட்டு ஆய்வு எதற்கும் காத்திராமல் இதுவே முதல் சிகிச்சையாயிற்று. அதைக் குறை சொல்ல முடியாது. விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துகொண்டிருந்த நோயாளிக்கு வேறென்ன கொடுத்திருக்க முடியும்?

கொடுத்த மருந்தே தசையைத் தின்னும் என்பது விரைவிலேயே தெரிந்தது. மேற்சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களுக்குத் தசை தளர்வதை ஹார்வி குஷிங் 1932-லேயே எழுதியிருந்தார். 1950-களின் இறுதியில், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் அதே தளர்ச்சி பதிவாயிற்று. கொடுமை என்னவென்றால், இதுவும் தொடையையும் இடுப்பையுமே முதலில் பிடிக்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை எடுத்தவர் மீண்டும் படியேற முடியாமல் போனால், திரும்பி வந்தது நோயா, மருந்தின் விளைவா? முதலாவதென்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், இரண்டாவதென்றால் குறைக்க வேண்டும். தவறாகக் கணித்தால் இருக்கிற பலமும் போய்விடும்.

இதைப் பிரித்தறியும் வழிகள் மெல்லச் சேர்ந்தன. அழற்சி மூண்டால் சிகே என்ற தசை நொதி ரத்தத்தில் பொதுவாக ஏறும். ஸ்டீராய்டுத் தளர்ச்சியில் அது இயல்பாகவே இருக்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கும் கழுத்துத் தசை அழற்சியில் தளர்வதுண்டு, மருந்தால் தளர்வது குறைவு. திசுச் சோதனையில், ஸ்டீராய்டு வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகை இழைகளை மெலியவைத்திருப்பது தெரியும். இரண்டும் ஒருசேர இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சில வாரங்களில் கால் தேறுகிறதா என்று பார்ப்பதே சோதனை. சட்டென்று நிறுத்துவது ஆபத்து: நெடுநாள் மாத்திரையால் நோயாளியின் சொந்தச் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்ததை 1952-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்த பிறகுதான் இது பரவலாக உணரப்பட்டது.

ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத் துணை மருந்துகள் தேடப்பட்டன. 1980-ல் 16 பேரை வைத்து நடந்த ஆய்வில், பிரெட்னிசோனுடன் அசதியோப்ரின் சேர்த்தவர்களிடம் மூன்று மாதத்தில் வேறுபாடு தெரியவில்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்கள் நடமாட்டத்தில் மேம்பட்டிருந்தார்கள், பிரெட்னிசோனும் குறைவாகவே தேவைப்பட்டது. பொறுமை தேவைப்படும் மருந்து அது.

மருந்துகள் ஒருபுறம் மாறினாலும், உடற்பயிற்சி பற்றிய அச்சம் நெடுங்காலம் மாறவில்லை. வீங்கிய தசையை வேலை வாங்கினால் இன்னும் பழுதாகும் என்று நம்பி, ஓய்வையே பரிந்துரைத்தார்கள். அந்த ஓய்வும் தொடையை மெலியவைத்தது. நோய், மாத்திரை, படுக்கை என மூன்று பக்கமும் இழப்பு. இந்த நம்பிக்கையை அசைத்ததில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே ஹெலன் அலெக்சாண்டர்சன், இங்கிரிட் லுண்ட்பெர்க் குழுவினர் வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சியை வாரத்தில் 5 நாள், 12 வாரம் செய்யவைத்தார்கள். நோய் தணிந்தவர்களுக்கு மட்டுமல்ல, அண்மையில் நோய் தொடங்கி அழற்சி நீடித்தவர்களுக்கும் செய்யவைத்து, 2000-க்குள் முடிவுகளை வெளியிட்டார்கள். அழற்சி கூடவில்லை, பலம் கூடியது.

இன்று பிசியோதெரபி அறையில் இந்த நோயாளியைச் சுவரோரம் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, குதிகாலைப் பின்னிழுத்து, முன்சாய்ந்து எழச் சொல்கிறார்கள். எழ முடியாவிட்டால் உட்காருமிடத்தில் ஒரு திண்டைப் போட்டு உயர்த்துகிறார்கள். கால் தேறத் தேற, அந்தத் திண்டு எடுக்கப்படுகிறது.