இலங்கைக் கனியமும் அணுவின் உள்ளமைப்பும்

அணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்தறிந்த பெருமை மேனாட்டு ஆய்வுகூடங்களுக்கே உரியதென்று பலர் எண்ணுவர். பாலமுனைக் கடலோரத்துப் பாடசாலையில் இரசாயனம் பயிலும் மாணவனும், தன் பாடநூலிற் காணும் பெயர்கள் யாவும் கடல் கடந்தவையே எனக் கருதுதல் இயல்பு. ஆயினும், அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு கட்டத்திலே இலங்கை மண் ஈந்த கனியமொன்று பெரும்பங்கு கொண்டது.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்திலே கலை வரலாற்று அறிஞராக உலகப் புகழ் எய்தியவரும் அவரே. அவர் பதவி வகித்த காலத்தில், சப்பிரகமுவை மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியிலே, இரத்தினக்கல் கிடைக்கும் சரளை மண்ணிற் பாரமான கரிய சிறு கனசதுரப் பளிங்குகள் அகப்பட்டன. 1904 இல் இலண்டனில் அவற்றை ஆராய்ந்த டன்ஸ்ரன், நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார்.

அவ்வாண்டு சேர் வில்லியம் இராம்சேயிடம் பயில இலண்டன் வந்த ஜெர்மானிய இளைஞர் ஒற்றோ ஹான். இக்கனியத்திலிருந்து பெற்ற ஏறத்தாழ 100 கிராம் பேரியச் சேர்வையை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு இராம்சே பணித்தார். இரேடியத்தோடு வேறொரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளும் உண்டென 1905 இல் ஹான் கண்டார். அதுவே இரேடியோதோரியம். ஆனால், தோரியத்தோடு கலந்திருக்கும்போது அதனை எந்த இரசாயன முறையாலும் பிரிக்க இயலவில்லை. பொருள்கள் இரண்டு, இரசாயனக் குணமோ ஒன்று. இப்புதிர் அறிஞரை மயக்கிற்று.

1911 இல் அணுவின் நடுவே கரு உண்டென றதர்போர்ட் நிறுவினார். 1913 இல் இத்தகைய இரட்டையர்க்குச் சமதானிகள் என்னும் கருத்தைச் சொடி வழங்கினார். 1932 இல் சட்விக் நியூத்திரனைக் கண்டபின் காரணம் முற்றும் தெளிவாயிற்று. இரண்டின் கருவிலும் புரோத்தன்கள் 90. நியூத்திரன்களோ தோரியத்தில் 142, இரேடியோதோரியத்தில் 138. கருவைச் சூழும் இலத்திரன்கள் இரண்டிலும் 90 ஆதலின், குணமும் ஒன்றாயிற்று.

ஏனெனில், இரசாயனப் பிணைப்பிற் பங்கு கொள்வன வெளியோட்டு இலத்திரன்களே. கறியுப்பிலே சோடியம் ஓர் இலத்திரனை இழக்கின்றது. குளோரின் அதனை ஏற்கின்றது. எதிரெதிர் ஏற்றமுற்ற அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து பிணைகின்றன. அதுபோலவே தோரியம் நான்கு இலத்திரன்களை இழக்க, ஒட்சிசன் அணுக்கள் இரண்டும் தலைக்கு இரண்டாக ஏற்கின்றன எனக் கொள்ளலாம். கருவின் பாரம் கூடினும் குறையினும் இக்கொடுக்கல் வாங்கல் மாறுவதில்லை.

சமதானிக் கொள்கைக்குச் சான்று தேடிய சொடி, மீண்டும் இலங்கையையே நாடினார். தோரியம் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயமாகுமாயின், அவ்வீயம் சாதாரண ஈயத்திலும் பாரமாதல் வேண்டும். 1914 இல் இலங்கைத் தோரைற்றுக் கனியத்தின் ஈயத்தை அவரும் ஹைமனும் அளந்தபோது, அணுநிறை 208.4 என வந்தது. சாதாரண ஈயத்திற்கு அது ஏறத்தாழ 207.2. பின்னைய அளவீடுகள் அவ்வெண்ணைத் திருத்தினவெனினும், பாரம் மிகுதியென்னும் முடிவு நிலைத்தது.

சொடி 1921 ஆம் ஆண்டின் நோபல் பரிசையும், ஹான் 1944 ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் பெற்றனர். ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையின என்ற பழைய கொள்கை வீழ்ந்தது. அதனை வீழ்த்திய சான்றுகளிற் சில, இரத்தினம் தேடியோர் அரித்த இலங்கைச் சரளையிற் கிடந்தவை.