ஸ்கிரீன்ஷாட் புராணம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து கண்ணை மூடலாம் என்று பார்த்தால், மகள் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அப்பா, என் கேரக்டர் மட்டும் படத்துல ஏன் இப்படி டல்லா விழுது? மத்தவங்க எடுக்கறதெல்லாம் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு."

பிறந்தது நாக்பூர், படிப்பது போபால், ஒன்பதாம் வகுப்பு. ஆடுவது ஜென்ஷின் இம்பாக்ட். "பி.காம். படிச்சவர்கிட்ட போய்க் கேட்கிற கேள்வியா இது?" என்று உள்ளேயிருந்து தங்கமணி குரல் கொடுத்தார். அந்த ரோஷத்தில்தான் இந்தப் பதிவு. :-)

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாலிருந்தே சுற்றுகிறேன்.

கணினித் திரையைப் படம் எடுக்கும் வேலை முதலில் கேமராவோடுதான் தொடங்கியது. அமெரிக்காவில் அட்டாரி பெட்டி கொடிகட்டிப் பறந்த 1980களின் ஆரம்பத்தில், ஆக்டிவிஷன் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. குறிப்பிட்ட ஸ்கோரை எட்டினால் டிவி திரையைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் வரும். 1982-ல் வந்த பிட்ஃபாலுக்கு 20,000 புள்ளி. எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் பேமென்ட் கிடையாது!

அந்தப் போட்டோவிலும் நுணுக்கம் இருந்தது. ஃபிளாஷ் போட்டால் கண்ணாடித் திரையில் வெள்ளை வட்டம்தான் விழும். அமெரிக்க டிவி நொடிக்கு 30 முழுப் படம் வரையும். ஷட்டர் அதைவிட வேகமாக மூடினால் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டை வந்துவிடும். எனவே அறையை இருட்டாக்கி, கேமராவை ஆடாமல் நிறுத்தி, 1/15 அல்லது 1/8 நொடியில் எடுக்க வேண்டும். "நல்ல ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி" என்ற கேள்விக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது.

பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானின் கதையும் அதே காலம்தான். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் அதன் வேலை பெயரிலேயே இருந்தது: ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ள எழுத்தெல்லாம் பிரின்டருக்குப் போகும். டாட் மேட்ரிக்ஸ் கரகரவென்று அடித்துத் தள்ளும். பாஸ்புக் பிரின்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் இப்போதும் காதில் கேட்கும். விண்டோஸ் வந்தபின் படம் கிளிப்போர்டுக்குப் போக ஆரம்பித்தது. பொத்தானின் பெயர் மட்டும் மாறவில்லை.

இன்னொரு பக்கம், திரைக்குள் "நான்" என்று ஒரு ஆள் முளைத்தான். 1985-ல் வந்த அல்டிமா 4 ஆட்டத்தில் நாயகன் அடைய வேண்டிய நிலையின் பெயரே அவதார். அடுத்த ஆண்டு சோதனைக்கு வந்த லூகாஸ்ஃபிலிமின் ஹாபிடாட்டில், பலர் தொலைபேசி வழியாக இணைந்து உலவிய உருவங்களுக்கும் அதே பெயர்தான். நம் ஊர் அவதாரம் அங்கே போய், வால் அறுந்து அவதாராகத் திரும்பி வந்திருக்கிறது.

1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்குவெஸ்ட், 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகில் ஆட ஆரம்பித்தார்கள். அப்போதும் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் வவுச்சர்தான். ஒரு குழு பெரிய டிராகனைச் சாய்த்தால், பிணத்தின் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு படம். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் புலிமேல் கால் வைத்து எடுத்துக்கொண்டார்களே, அதேதான். நாற்பது பேர், தலைக்கு மேல் நாற்பது பெயர், சுற்றிலும் பொத்தான்கள். முகம் மட்டும் தெரியாது.

காரணம் எளிது. வார்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களில் கேமரா பெரும்பாலும் நம் ஆளுக்குப் பின்னால்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஆடினாலும் பார்ப்பது அவன் முதுகைத்தான். வார்கிராஃப்டில் ஆல்ட், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பொத்தான்கள் மறையும்; கேமராவைச் சுற்றிக் கொண்டுவந்தால் முகம் தெரியும். வவுச்சராக இருந்த படம் போர்ட்ரெய்ட் ஆனது இந்த இரண்டு வேலையில்தான்.

கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான கிரான் டூரிஸ்மோ 4 கார் ஆட்டம்தான். ஆனால் நிஜக் கேமராபோல ஷட்டர், அப்பர்ச்சர் வைத்துப் படம் எடுக்கத் தனிப் பகுதியே அதில் இருந்தது. வார்கிராஃப்டில் 2015-ல் செல்ஃபி கேமரா வந்தது. 2016-ல் என்விடியா கம்பெனி ஆட்டத்தை நிறுத்தி எந்தக் கோணத்திலும் படம் எடுக்கும் மென்பொருளைக் கொண்டுவந்து, அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸ் நினைவாக ஆன்சல் என்று பெயர் வைத்தது. ஃபைனல் ஃபேன்டசி 14-ல் மூன்று விளக்கு வைத்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கலாம். நம் ஊர் ஸ்டூடியோக்காரர் "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்று குடையைத் திருப்புவாரே, அதே வித்தை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2012-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. வார்கிராஃப்ட் தானாகச் சேமித்த ஜேபிஜி படங்களில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று இருந்தது. கணக்கின் அடையாளம், நேரம், சர்வர் விவரம் எல்லாம் அதற்குள். அழகுக்கு எடுத்த படத்துக்குள்ளும் ஒரு வவுச்சர் ஒளிந்திருந்தது!

மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன்.

உச்சி வெயிலில் எடுக்காதே. உன் ஆட்டத்தில் கடிகாரத்தைத் திருப்பி நேரத்தை மாற்றலாமே, சாயங்காலம் ஆக்கிக்கொள். சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். கேமராவைத் தலைக்கு மேல் வைக்காதே, கண் உயரத்துக்கு இறக்கு. கறுப்பு உடைக்காரியைக் கறுப்புப் பாறை முன்னால் நிறுத்தாதே. தலைக்குப் பின்னால் மரமோ கம்பமோ முளைக்கக் கூடாது. பார்வை போகும் பக்கம் கொஞ்சம் இடம் விடு. ஒன்று எடுத்துவிட்டு எழுந்திருக்காதே. இருபது எடு, பத்தொன்பதை அழி.

அரை மணியில் ஒரு படம் காட்டினாள். மலை விளிம்பு, மாலை வெயில், காற்றில் பறக்கும் முடி. அசல் போஸ்டர்!

பிறகு, "நீங்க ஆடினப்போ எடுத்த படம் இருக்காப்பா?" என்றாள்.

இருக்கிறது. ஒன்றே ஒன்று.

2005-ல் நாக்பூர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நானும், அதே கிளையில் இருந்த திருநெல்வேலி நண்பனும் ஒரே அறை. ராத்திரி பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் அடுத்தடுத்த கேபினில் உட்கார்ந்து ஆடுவோம். ஆட்டத்தின் பெயர் வேண்டாம், அந்த சர்வரை எப்போதோ மூடிவிட்டார்கள். நானூறு மணி நேரம் வளர்த்த வீரனுக்கு ஒரு தகனம்கூட நடக்கவில்லை. உலகம் முழுக்க இதே கதைதான். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2011 டிசம்பரில் மூடியது. 2012-ல் சிட்டி ஆஃப் ஹீரோஸ் மூடப்போகிறது என்றதும் ஆடுபவர்கள் அட்லஸ் பார்க்கில் தீப்பந்தத்தோடு கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்தை இன்று பார்க்க வேண்டுமானால் அன்று எடுத்த படங்கள்தான்.

பழைய சிடியைத் தேடி மகளுக்குக் காட்டினேன். எல்லா விதத்திலும் மோசமான படம். இரண்டு பேர் முதுகு. பாதித் திரையில் பொத்தான்கள். கீழே சாட் பெட்டி. அதில் அவன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறான்: "லே, மெஸ் மூடிருவான், எந்திரி."

பக்கத்து கேபினில் இருந்துகொண்டு டைப் அடித்துக் கூப்பிட்ட ஆள்!

2021 மே மாதம், இரண்டாவது அலையில் அவன் போய்விட்டான். கிளையைத் திறந்து வைத்திருந்த நாட்கள் அவை. எங்கள் இருவர் குடும்பமும் சேர்ந்து எடுத்த போட்டோக்கள் உண்டு. எல்லாம் கல்யாண வீட்டுச் சிரிப்பு. அவன் பேச்சு பேச்சாகவே இருப்பது அந்த மோசமான படத்தில் மட்டும்தான். அன்றைக்கு எனக்கு ஆல்ட், இசட் தெரிந்திருந்தால் அதுவும் மறைந்திருக்கும்.

மகள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "லேன்னா என்னப்பா?" என்றாள். சொன்னேன்.

அதனால் மக்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஒரே சிபாரிசு: ஒவ்வொரு தடவையும் இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அழகுக்கு. இன்னொன்று எதையும் மறைக்காமல், பெயர், சாட், தேதி எல்லாவற்றோடும். முதலாவதை ஊருக்குக் காட்டலாம். இரண்டாவதை ஃபைலில் போட்டு வையுங்கள். வவுச்சரை அவசரப்பட்டுக் கிழிக்கக் கூடாது என்பது இருபது வருஷ பேங்க் உத்தியோகம் கற்றுக்கொடுத்த பாடம்.