பவித்திரம்

இறந்தவர் நினைவாக விரலில் போடும் மோதிரம் என்றால் ஒரு காலத்தில் ஐரோப்பியருக்குக் கறுப்பு எனாமல் பூசிய பொன் வளையம். உட்புறம் பெயரும் இறந்த தேதியும் இருக்கும். சிலவற்றில் கண்ணாடிக்கு அடியில் அவர் தலைமுடியே இருக்கும். 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி துக்க நகைகளையே அணிந்துவர, இங்கிலாந்தில் அது பெருவழக்காயிற்று. நம்முடையது புல்.

தர்ப்பையை முறுக்கி, வளைத்து, நுனியை வால்போல நீட்டி முடிச்சிட்டால் பவித்திரம். அதை மாட்டுவதால் மோதிர விரலுக்குப் பவித்திர விரல் என்றும் பெயர். வடமொழியில் 'பூ' என்னும் வேருக்குத் தூய்மை செய்தல் என்று பொருள். 'த்ர' கருவியைக் குறிக்கும் விகுதி. வேதத்தில் இச்சொல் சோமச்சாறு வடிக்கும் ஆட்டு ரோம வடிகட்டியையும் குறித்தது. வடிகட்டி எங்கே, மோதிரம் எங்கே! சாவுச் சடங்குக்கு ஒரு புல், மங்கல காரியத்துக்கு இரண்டு, தர்ப்பணத்துக்கு மூன்று என்பார்கள். காரியம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட வேண்டும். ஆடி அமாவாசைக்குப் புதுச்சேரித் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரைக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

ஆகவே தாத்தாவிடமிருந்து பேரன் கைக்கு வந்து சேர்வது தட்டார் பொன்னில் செய்த பவித்திரம்தான். கேரளத்துப் பையனூர்த் தங்கப் பவித்திரம் பேர்போனது. புவிசார் குறியீடும் பெற்றது. தட்டார் என்பவர் பொன்னைத் தட்டி உருவாக்குபவர். புதுச்சேரித் தட்டாஞ்சாவடி தன் பெயரில் அவரை இன்னும் வைத்திருக்கிறது. ஊராருக்கு அது இப்போது தொழிற்பேட்டை.