கோலிக்குண்டின் வடு

பழைய கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று கைக்குக் கிட்டினால், அதைத் தேய்த்து மெருகேற்றவே நம் மனம் விழைகிறது. அவ்விழைவை அடக்கிக்கொள்ளுதல் நலம். குண்டின் முனையில் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் வடுவே அதன் பிறப்புச் சான்றாகும்.

ஜெர்மனியில், துரிஞ்சியக் காட்டு மலைகளிடையே லவுஷா என்னும் சிற்றூர் உளது. 1597-இல் அங்குக் கண்ணாடி உலை அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஒருபுறம் கிண்ணமும் மறுபுறம் அலகும் கொண்ட கத்தரி ஒன்று அவ்வூரார் கைக்கு வந்தது. வண்ணக் கண்ணாடி இழைகளைச் சேர்த்து, தெளிந்த கண்ணாடியால் போர்த்து, முறுக்கிக் கோலாக இழுப்பர். இளகிய நுனியைக் கிண்ணத்திலிட்டுச் சுழற்றி வெட்டுவர். வெட்டிய இடமே வடு. இழைகள் முனைக்கு முனை சுழன்றோடுவதும் இதனாலேயே. சில குண்டுகளுள் வெண்ணிற விலங்கோ பறவையோ வீற்றிருக்கும். அதைச் சூழ்ந்த காற்றுப்படலம் வெள்ளியென மின்னும். சிறுவர் மண்ணில் உருட்டும் பொருளுக்கு இத்துணை உழைப்பா என நாம் வியப்பதுண்டு.

1905-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் குண்டு செய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் முதல் உலகப்போர் ஜெர்மானிய ஏற்றுமதியைத் தடுக்கவே, அமெரிக்கச் சந்தை அந்நாட்டு ஆலைகள் வசமாயிற்று. இயந்திரத்தில் உருண்ட குண்டில் அக்கரடுமுரடான வடு இராது.

கீறல் விழுந்த பழங்குண்டைச் சாணை பிடித்து விற்போர் இன்றும் உளர். மேற்பரப்போடு வடுவும் மறைந்துபோகக் கூடும். அத்தகைய குண்டைச் சேகரிப்போர் குறைத்தே மதிப்பர்.