முதியோருக்காக வந்த சட்டத்தை முதியோரே விரட்டிய கதை



வங்கியில் ஓய்வு பெற்ற எங்களுக்கு ஆண்டுதோறும் தீபாவளி சமயத்தில் ஒரு கடிதம் வரும். மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க இவ்வளவு பிரீமியம் கட்டுங்கள் என்று. ஒரு மாதப் பென்ஷனுக்கு மேலேயே போய்விடும். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் புலம்புவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அமெரிக்காவில் வயதானவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை" என்றார் ஒரு நண்பர். நம்மில் பலருடைய பிள்ளைகள் அங்கே இருப்பதால் எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் அங்கே நடந்ததையும் கொஞ்சம் கேளுங்கள்.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. 1965ல் ஜான்சன் அதிபராக இருந்தபோது வந்த சட்டம். அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. மருத்துவமனையில் 60 நாளுக்கு மேல் படுத்தால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் கைக்காசு கட்ட வேண்டும். வீட்டில் சாப்பிடும் மாத்திரை மருந்துகளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடையாது.

இந்த ஓட்டைகளை அடைக்க ஒரு சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 328 பேர் ஆதரவு, 72 பேர்தான் எதிர்ப்பு. 1988 ஜூலை 1 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். நோக்கம் நல்லதுதான். கோளாறு வரவு செலவுக் கணக்கில் இருந்தது.

முழுச் செலவையும் முதியோர் தலையிலேயே கட்டினார்கள். எல்லோருக்கும் மாதம் 4 டாலர் கூடுதல் பிரீமியம். ஓரளவு வருமான வரி கட்டுகிற முதியவர் என்றால், அந்த வரியில் இன்னும் 15 சதவீதம், ஆளுக்கு 800 டாலர் வரை. இந்த வசூல் 1989லேயே தொடங்கியது. மருந்துச் சலுகை தொடங்குவதோ 1991ல்! பழைய கம்பெனி மூலம் ஏற்கெனவே காப்பீடு வைத்திருந்தவர்கள் அதே பலனுக்கு இரண்டாம் முறை பணம் கட்டும் நிலை. அவர்கள் உண்மையில் பயந்தது பராமரிப்பு இல்லத்தில் வருடக்கணக்கில் கிடக்கும் செலவுக்கு. அந்தச் செலவுக்குச் சட்டத்தில் வழியில்லை.

இதையெல்லாம் அரசு பொறுமையாக விளக்கவும் இல்லை. கூடுதல் வரி வருவது சுமார் 40 சதவீதம் பேருக்குத்தான். முழு 800 டாலர் கட்ட வேண்டியவர்கள் மிகச் சிலர். ஆனால் எல்லோருமே 800 டாலர் கட்ட வேண்டும் என்று பலர் நம்பிவிட்டார்கள். போதாக்குறைக்கு, மருந்துச் செலவு பற்றிய அரசின் மதிப்பீடு ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரு மடங்கானது.

1989 ஆகஸ்ட் 17. சட்டத்துக்கு முன்னின்ற ராஸ்டென்கோவ்ஸ்கி என்ற சிகாகோ பிரதிநிதியின் காரை, அவர் தொகுதி முதியவர்களே சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி பானெட் மேலேயே சாய்ந்து வழிமறித்தார். அவர் காரை விட்டு இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் வழியாக ஓடியதை நாடே டிவியில் பார்த்தது. அக்டோபரில் அதே சபை 360க்கு 66 என்று ரத்துக்கு வாக்களித்தது. டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட, பெரும்பகுதி ரத்தானது.

யார் ஜெயித்தார்கள்? கம்பெனிக் காப்பீடு இருந்தவர்கள், சத்தம் போடத் தெரிந்தவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. தோற்றது, அந்தக் காப்பீடும் இல்லாமல் மாத்திரைக்குக் காசு தேடியவர்கள். மெடிகேரில் மருந்துக் காப்பீட்டுக்கு மறுபடி சட்டம் வந்தது 2003ல், அமலானது 2006 ஜனவரி 1ல். 1991ல் கிடைத்திருக்க வேண்டியது, 15 வருடம் தாமதம். எழுபது வயதுக்காரருக்கு 15 வருடம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

எனவே, முதியோர் திட்டம் எது வந்தாலும், அரசுடையதோ வேறு யாருடையதோ, நான்கு கேள்விகள் கேளுங்கள். பணம் யார் கட்டுவது? என்றிலிருந்து? பலன் எப்போது தொடங்கும்? என்னிடம் ஏற்கெனவே இருப்பதற்கே மீண்டும் கட்டுகிறேனா? ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. இது ரத்தானால், கூட்டத்துக்கே வராத அந்த ஏழைக்கு என்ன ஆகும்?

இந்த வருடக் கடிதம் வந்ததும் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வாருங்கள். கால்குலேட்டர் நான் கொண்டுவருகிறேன்.